இரவு வானமும் நமது விளக்குகளும்

நம் கல்லூரி நூலகத்தின் வாயிலை அடுத்த சுவரில், 2025-ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் நிகழ்ந்த கல்லூரி நாள் விழாவையொட்டி, சட்டமிட்ட நிழற்படம் ஒன்று மாட்டப்பெற்றது. மணிக்கூண்டு கருநிழலாய் நிற்க, அதன்மேல் ஓரியன் என்னும் வேடன் மண்டலம் மேற்கே சாய்ந்திருப்பதும், அருகே வியாழன் ஒளிர்வதும், கருநீல வானம் எங்கும் சிறு மீன்கள் பொடித்தூவினாற்போல் விளங்குவதும் அப்படத்திற் காணலாம். அதனை நின்று நோக்கிப் பாராட்டிய ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் பலர். "நம் கல்லூரிக்கு மேல் இத்துணை அழகிய வானமா!" என்று வியந்தாரும் உளர். அப்படத்தை எடுத்தவர் யாமே. பாராட்டைப் பெற்றுக்கொண்ட பின்னர் ஓர் உண்மையைக் கூறும் கடமையும் எமக்குண்டு. நம் கல்லூரிக்கு மேல் அத்தகைய வானம் இல்லை.

எங்ஙனம் இல்லாத வானம் படத்தில் வந்தது என்பதை உரைப்பதற்கு முன், யாம் யார், இவ்வழியில் எவ்வாறு புகுந்தோம் என்பதைச் சிறிது கூற வேண்டும். யாம் மூவர். ஒருவர் இயற்பியல் பயில்பவர், ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ். மூவரும் வானநூலில் ஒருங்கே அறியாமை உடையோம். 2025 ஜனவரி 3-ஆம் நாள், விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய மாலையில், மேற்கு வானத்தில் பிறைச் சந்திரனும் வெள்ளியும் அருகருகே நின்றன. விடுதி முற்றத்தில் இருந்தோர் அனைவரும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தனர், யாமும் பிடித்தோம். எல்லாருடைய படத்திலும் பிறை ஒரு வெள்ளைப் பொட்டாகவும், வெள்ளி அதனினும் சிறிய பொட்டாகவும் வந்தன. கண்ணுக்கு அவ்வளவு இனிதாய்த் தெரிந்த ஒன்று கருவியில் இவ்வளவு அற்பமாய் வருவானேன் என்ற ஐயமே எம்மை இவ்வழியில் இழுத்துவிட்டது எனலாம்.

வரலாறு பயிலும் நண்பரின் தமையனார் பயன்படுத்தி ஒதுக்கிய காமிரா ஒன்று கிடைத்தது. திருமண வீட்டுப் படங்களுக்கென வாங்கியது. 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை நீளும் சாதாரண லென்ஸ் உடையது. முக்காலி ஒன்றை இரவலாகப் பெற்றோம். விடுதிக் காப்பாளரிடம் அனுமதி பெற்று மொட்டைமாடியில் ஏறிய முதலிரவு, யாம் எடுத்த முப்பத்தெட்டுப் படங்களுள் ஒன்றேனும் தேறவில்லை. அத்தோல்விகளைச் சற்று விரித்துரைப்பது, பின்வரும் மாணவர்க்குப் பயன்படக்கூடும்.

காமிரா தானே குவியம் காணும் என்று நம்பினோம். இருளில் அது எதனைப் பற்றிக்கொண்டு குவியம் காணும்? முன்னும் பின்னும் முனகி நின்றுவிட்டது. லென்ஸின் வளையத்தை முடிவிலி என்று குறித்த இடத்திற்குத் திருப்பினோம். மீன்கள் தோசைகளாய் வந்தன. அக்குறி மெய்யன்று என்பதும், ஒளிமிக்க மீன் ஒன்றைக் காமிராவின் சிறு திரையிற் பெருக்கிக் காட்டச் செய்து, அது ஊசிமுனையளவாகும் வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாய்த் திருப்ப வேண்டும் என்பதும் மூன்றாம் இரவில்தான் தெரிந்தது. குவியம் சரியானதும் கை தவறு செய்தது. பொத்தானை அழுத்தும் அசைவிலேயே மீன்கள் நெளிந்தன. அழுத்திய இரண்டு விநாடி கழித்துப் படமெடுக்கும்படி அமைத்து அக்குறையை நீக்கினோம். அதன்பின் மார்கழிப் பனி வந்தது. ஒன்பது மணிக்குத் தெளிவாயிருந்த படங்கள் பத்து மணிக்கு மங்கின. வானம் மூடிக்கொண்டது என்று கருதிக் கீழே இறங்கினோம். லென்ஸின்மேல் பனி படிந்திருந்ததை அறையின் விளக்கில்தான் கண்டோம்!

இவற்றினும் எம்மை மிகுதியாய் வருத்தியது பூமியின் சுழற்சி. முப்பது விநாடி காமிராவின் கண்ணைத் திறந்துவைத்தால் மீன்கள் புள்ளிகளாக வாராமல் சிறு கோடுகளாக வருகின்றன. பூமி ஒருமணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. அஃதாவது ஒரு நிமிடத்திற்குக் கால் பாகை, முழுமதியின் விட்டத்தில் பாதி. இதனை இயற்பியல் நண்பர் பள்ளியிலேயே படித்திருந்தார். ஆயினும் தாம் நிற்கும் மாடி திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அவர் மெய்யாக நம்பியது அந்தக் கோடுகளைக் கண்ட பின்னரே என்று தாமே ஒப்புக்கொண்டார். படம் பிடிப்போர் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கின்றனர். 500 என்னும் எண்ணை லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுக்க வேண்டும். எம்முடையது போன்ற சிறு உணரி கொண்ட காமிராவாயின் விடையை மீண்டும் ஒன்றரையால் வகுக்க வேண்டும். 18 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 18 விநாடி. 50 மில்லிமீட்டரில் ஆறேழு விநாடிக்கு மேல் ஆகாது. கணக்கு தோராயமானதே, எனினும் எமக்குப் போதியதாயிற்று.

தொலைநோக்கி வாங்கவில்லையா என்று வினவுவோர்க்கும் ஒரு விடை உண்டு. எம்மில் ஒருவர், பெயரைக் கூற வேண்டா என்று கேட்டுக்கொண்டவர், விளம்பரத்தை நம்பி மூன்று மாதச் செலவுப் பணத்தை மிச்சம்பிடித்து ஒன்று வாங்கினார். பெட்டியின்மேல் 525 மடங்கு பெருக்கும் என்று எழுதியிருந்தது. வாங்கும் பொருளின் முகப்புக் கண்ணாடி 70 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின், அவ்வெண்ணை இரட்டித்துக் கிடைக்கும் 140 மடங்கே அதன் எல்லை. அதற்குமேற் பெருக்கினால் மங்கலே பெருகும். இதனை யாரேனும் முன்னரே சொல்லியிருந்தால் அப்பணம் தப்பியிருக்கும். மேலும் அதன் கால்கள் மூச்சுவிட்டால் ஆடின. தொடங்குவோர் நல்ல இருகண் நோக்கி ஒன்றும், அதற்கும் வழியில்லையேல் வெறுங் கண்ணும் ஒரு குறிப்பேடும் கொண்டு தொடங்குதல் நன்று என்பது எமது துணிபு.

ஏனெனில் முதல் மாதத்தில் யாம் செய்த பெரும்பிழை கருவிப் பிழையன்று. எதனைப் படம் பிடிக்கிறோம் என்றே அறியாமற் பிடித்ததாகும். உச்சியில் ஒளிர்ந்த பெரிய மீனை இயற்பியல் நண்பர் சிரியஸ் என்றார். அது ரோகிணிக்கு அருகில் அவ்வாண்டு நின்ற வியாழன். தமிழ் நண்பர்க்கு அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு பெயரும் தலைகீழாய் வரும். அவற்றுள் ஒன்றையேனும் வானத்திற் காட்டுக என்றபோது மௌனமானார். திருவாதிரை எம் எல்லார்க்கும் களியுண்ணும் திருநாளாகத் தெரிந்ததேயன்றி, வேடன் தோளில் செந்நிறமாய் எரியும் ஒரு மீனாகத் தெரியவில்லை. பெயர்கள் பஞ்சாங்கத்திலும் நூல்களிலும் பத்திரமாயிருக்க, அவற்றிற்குரிய முகங்களை யாம் மறந்துவிட்டோம். ஆதலின் காமிராவை இரண்டு வாரம் அறையிலேயே வைத்துவிட்டு, மாடியிற் பாய் விரித்துப் படுத்தோம். கைவிளக்கின்மேல் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டோம். கண் இருளிற் பழகுதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும், ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தால் அவ்வளவும் வீணாகும். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, தெற்கே தாழ்ந்து ஒளிரும் அகத்தியன் என்று ஒவ்வொன்றாய் அறிமுகமாயின. துருவ மீனை மட்டும் காணவே முடியவில்லை. நம் பகுதி வட அட்சம் 9 பாகையை ஒட்டியதாதலின் அம்மீன் அடிவானுக்கு மேல் 9 பாகையிலேயே நிற்கிறது; நீட்டிய கையின் முஷ்டியளவுகூட இல்லை. அந்த இடத்திலோ நகரத்தின் ஒளி சுவர்போல் எழுந்து நிற்கிறது.

வானத்தை ஓரளவு அறிந்த பின்னர்க் காமிராவை மீண்டும் எடுத்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. கண் கணந்தோறும் கண்டதைக் கணந்தோறும் விட்டுவிடுகிறது; படத்தகடோ வரும் ஒளியைச் சேமித்துக்கொண்டே போகிறது. 1880-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹென்றி டிரேப்பர் என்பார் ஓரியன் மண்டலத்து வெண்முகிலை முதன்முறை படம்பிடித்தபோது, தகட்டை 51 நிமிடம் ஒளிக்குத் திறந்துவைத்தார். எமக்கு ஆறு விநாடியிலேயே அம்முகில் ஒரு சிவந்த கறைபோல் வந்தது. டிரேப்பரினும் யாம் திறமையுடையோம் என்பதன்று. பிறர் நூற்று நாற்பதாண்டு உழைத்துச் செய்த உணரியை யாம் இரவல் வாங்கியிருந்தோம், அவ்வளவே. ஆறு விநாடிப் படங்கள் பதினாறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்திலுள்ள பொறிப்பொறியான இரைச்சல் நான்கிலொன்றாய்க் குறைகிறது. முகிலின் சிறகுகள் தோன்றுகின்றன. அம்முகில் ஏறக்குறைய 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பல்லவர் மாமல்லபுரத்தில் கற்கோயில் எடுத்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளி இது என்று வரலாற்று நண்பர் கணக்கிட்டுச் சொன்ன அன்று எம்மில் ஒருவரும் உறங்கவில்லை.

2025 ஜனவரி 29-ஆம் நாள், தை அமாவாசை. தமிழ் நண்பரின் ஊருக்குச் சென்றோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசற்காட்டில் உள்ள சிற்றூர் அது. தெருவில் மூன்று விளக்குகள். அவற்றுள் ஒன்று எரியவில்லை. களத்து மேட்டில் முக்காலியை ஊன்றி நிமிர்ந்தபோது எம்மில் இருவர்க்கு வானமே அடையாளம் தெரியவில்லை. பழகிய மண்டலங்கள் சிறு மீன்களின் கூட்டத்தில் மறைந்துபோயின. வேடனின் நான்கு மூலைமீன்களும் இடுப்பின் மூன்று மீன்களும் ஆக ஏழு, கூர்ந்து நோக்கினால் எட்டு என்பதே கல்லூரி மாடியில் யாம் எழுதிவைத்த கணக்கு. களத்துமேட்டில் அந்நாற்கட்டத்துக்குள் இருபதுவரை எண்ணி, அதன்மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். அகத்தியனுக்கு மேலே மெல்லிய புகைபோல் ஒன்று வடக்கு நோக்கி ஓடிற்று. மேகம் என்றார் இயற்பியல் நண்பர். அது நகரவில்லை. பால்வீதியை யாம் முதன்முறை கண்டது அவ்வாறே. பத்தொன்பது இருபது வயது நிரம்பிய பின்.

நண்பரின் ஆச்சி சுக்குக் காப்பி கொண்டுவந்தவர், எம் அருகிலேயே அமர்ந்துவிட்டார். "பெட்டிக்குள்ள புடிச்சு என்னய்யா செய்யப் போறிய?" என்று கேட்டார். படத்தைக் காட்டினோம். சிறிது நேரம் உற்றுநோக்கி, "ஆறாமீன எங்க காணும்?" என்றார். யாம் கார்த்திகையைப் படத்தில் வெட்டியிருந்தோம். கமலை இறைத்த காலத்தில், இரவில் விழிப்புக் கொடுத்தால் ஆறாமீன் எங்கே நிற்கிறது என்று பார்த்தே மாடு பூட்டப் போகலாமா, இன்னும் உறங்கலாமா என்று தம் தந்தையார் முடிவு செய்வார் என்றும், பள்ளிக்கூடம் போகாத தமக்கு மணி பார்க்கத் தெரிவதற்கு முன்பே மீன் பார்க்கத் தெரியும் என்றும் உரைத்தார். பின்பு தம் பேரனைப் பார்த்து, "ஒங்க காலேசுல இதெல்லாம் தெரியாதாக்கும்?" என்றார். அவர் கேட்டது பாடத்தை. எம் செவியில் விழுந்தது வேறு.

அன்றிரவு ஒரு காரியம் செய்தோம். கல்லூரி மாடியில் எந்த லென்ஸ், எத்துணை விநாடி, எந்த உணர்வெண் வைத்து எடுத்தோமோ, மாற்றமின்றி அதே அமைப்பில் அதே மண்டலத்தைக் களத்துமேட்டிலும் எடுத்தோம். 18 மில்லிமீட்டர், 15 விநாடி, ஐ.எஸ்.ஓ. 1600. இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்தபோது ஒன்று கரிய வானம். மற்றொன்று தண்ணீர் மிகுந்த பாலின் நிறம். கருவி ஒன்று, கைகள் ஒன்று, மீன்களும் அவையே. வேற்றுமை முழுவதும் இடையில் நின்ற ஒளியினுடையது.

அவ்வொளி எங்கிருந்து வருகிறது? நகரத்தின் பங்கு உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆனால் மாடியில் நின்று வானத்தை நாற்புறமும் படமெடுத்துப் பார்த்ததில், மிகுந்த வெண்மை நகரம் உள்ள வடதிசையில் அன்றி, விளையாட்டுத் திடல் உள்ள மேற்கில் இருந்தது. திடலின் நான்கு மூலைகளிலும் உள்ள உயர்கம்ப விளக்குகள் அந்தி முதல் விடியல் வரை எரிகின்றன. ஆட்டம் ஏழு மணிக்கு முடிகிறது. ஒன்பதுக்குமேல் திடலில் நாய்களன்றி யாருமில்லை. மேலும் அவ்விளக்குகளின் முகம் தரையை நோக்கியன்று, சாய்ந்து எதிர்ப்புறத்தை நோக்கியிருக்கிறது. அடிவானத்தை ஒட்டிச் சாய்வாய்ச் செல்லும் ஒளியே நேர்மேலே செல்லும் ஒளியினும் காற்றில் நெடுந்தூரம் பாய்ந்து வானத்தைக் கெடுக்கிறது. வெண்ணீல நிற எல்.இ.டி. ஒளி மஞ்சள் நிற ஒளியினும் மிகுதியாய்க் காற்றிற் சிதறுகிறது. பகல்வானம் நீலமாயிருப்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். உலகமுழுதும் செயற்கை ஒளியால் வானம் எவ்வளவு கெட்டுள்ளது என்று அளந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட படத்தொகுதி ஒன்று, மாந்தருள் 80 விழுக்காட்டினர்க்கு மேற்பட்டோர் ஒளிக்கறை படிந்த வானத்தின்கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர்க்குத் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை என்றும் கூறியது. அக்கணக்கில் நம் கல்லூரி விடுதியாரும் அடங்குவர்.

இனி நூலகச் சுவரின் படத்திற்கு வருவோம். மாசி அமாவாசையை அடுத்து, 2025 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில் அதனை எடுத்தோம். காமிராவிலிருந்து வந்தபோது அதில் மணிக்கூண்டின் ஒரு பக்கம் திடல் விளக்கில் வெளுத்தும், வானம் பாலாடை போர்த்தும் இருந்தது. கணினியில் ஒளிக்கறையை அளந்து கழிக்கும் முறை ஒன்றுண்டு. அதனைக் கையாண்டு வானத்தைக் கருநீலமாக்கினோம், மணிக்கூண்டைக் கருநிழலாக்கினோம். விழாவிற்கு அழகிய படம் வேண்டும் என்று கேட்டனர். எமக்கும் ஆசை இருந்தது.

இதில் தவறென்ன என்று எம்முள்ளேயே வழக்கு எழுந்தது. பதினாறு படங்களை அடுக்குவதும் கணினி வேலைதானே, அது மட்டும் மெய்யா என்றார் ஒருவர். அடுக்குதல் மீனிலிருந்து வந்த ஒளியை வெளிக்கொணர்கிறது. கறையைக் கழிப்பதும் ஆராய்ச்சியாளர் நாள்தோறும் செய்வதே. தவறு கழித்ததில் இல்லை. கழித்தோம் என்று சட்டத்தின்கீழ் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. நம் திடல் விளக்கு கெடுத்த வானத்தைத் திருத்தி, கெடவில்லை என்று நம் கல்லூரியாருக்கே காட்டிவிட்டோம். அழகிய பொய் ஒன்றை விழாவில் தொங்கவிட்டபின், விளக்கை அணையுங்கள் என்று யாரிடம் சென்று கேட்பது? வானம்தான் நன்றாயிருக்கிறதே என்பர். சிலர் அவ்வாறே கூறவும் செய்தனர்.

படம் அழகுக்கு மட்டுமே என்னும் எண்ணத்தை யாம் கைவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோடைக்கானல் வானாய்வகத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் மேகமற்ற நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து, நாளும் நேரமும் குறித்துவைத்தனர். அத்தகடுகளுள் ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு வட்டமும் சில கரும்புள்ளிகளுமே தெரியும். சுவரில் மாட்டுதற்கு ஏற்றதன்று. ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சியால் அவை இன்று சூரியனின் போக்கை ஆராய்வோர்க்குக் கருவூலமாயுள்ளன. அவ்வாய்வகம் 1899-ஆம் ஆண்டில் பணி தொடங்கியபோது அதன் தலைவராயிருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், அதற்கு முன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியற் பேராசிரியராயிருந்தவர் என்பது நம்மனோர் அறிந்து மகிழத்தக்கது. பெரிய கருவி இல்லாதாரும் இத்தகைய குறிப்பு வைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் திருவாதிரை மீன் என்றுமில்லாதவாறு மங்கிற்று. அம்மீன் உமிழ்ந்த தூசி அதனை மறைத்தது என்று பின்னர்த் தெளிந்தனர். அம்மங்கலை வெறுங்கண்ணாலேயே, வேடனின் மற்றொரு தோளில் உள்ள மீனோடு ஒப்பிட்டுக் காண முடிந்தது. நம் மாடியில் அப்போது யாரேனும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தால், அதில் அது பதிந்திருக்கும்.

ஆகவே எமது வேண்டுகோள் இஃது: திடலின் நான்கு கம்ப விளக்குகளை நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்குமேல் அணைத்துவிட வேண்டும். அதற்கு மனமில்லையேல் மாதத்தில் ஓர் இரவு, அமாவாசையன்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையேனும் அணைக்க வேண்டும். மற்ற விளக்குகளின் முகத்தைத் தரைநோக்கித் திருப்பித் தகடு ஒன்று மூடியாக அமைக்க வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றை யாம் அசட்டை செய்யவில்லை. பெண்கள் விடுதிக்குச் செல்லும் பாதையும், ஆய்வுக்கூடத்திலிருந்து மாணவியர் இரவில் திரும்பும் வழியும் இருளடைதல் கூடாது என்கின்றனர். முற்றும் உண்மை, அவ்விளக்குகளில் ஒன்றையேனும் அணைக்குமாறு யாம் கேட்கவில்லை. அவை நன்றாய் எரியட்டும். தரையை நோக்கி எரியட்டும். கண்ணிற் பாயும் விளக்கு தனக்குப் பின்னுள்ள இருளில் நிற்பவனை மறைக்கிறது என்பதை அப்பாதையில் நடந்தோர் தாமே அறிவர். நகரத்தின் ஒளி இருக்கும்வரை நாம் அணைப்பதால் என்ன ஆகும் என்பது மற்றொன்று. அதற்கு எம்மிடம் ஓரளவு சான்று உண்டு. மார்ச் திங்களில் ஒருநாள் இரவு நம் வளாகத்தில் மட்டும் மின்சாரம் தடைப்பட்டு நாற்பது நிமிடம் வரவில்லை, நகரம் ஒளிர்ந்துகொண்டேயிருந்தது. வேடன் நாற்கட்டத்தில் அன்று பன்னிரண்டு எண்ணினோம். எட்டு பன்னிரண்டாயிற்று. களத்துமேட்டின் வானம் ஆகாது. ஆயினும் நாலு மீன் நாலு மீனே. விளக்கு வந்ததும் விடுதி முழுதும் எழுந்த ஆரவாரத்தில் யாம் மூவரும் சேரவில்லை.

திடல் வெறிச்சோடிக் கிடந்தால் திருடர் வருவர் என்பாரிடம் மட்டும் எமக்கு விடை கூறத் தெரியவில்லை. திடலில் உள்ளவை இரண்டு இரும்புக் கோல்கம்பங்களும் ஓர் உருளையும்.

விடுதிக் காப்பாளர் எம் விண்ணப்பத்தை வாங்கிப் படித்து, முதல்வர் அவர்களுக்கு அனுப்பியுள்ளார். விளக்குகளுக்கெல்லாம் ஒரே விசைதான், திடலை ஒட்டிய அறையில் உள்ளது, உத்தரவு வந்தால் கைநீட்டினாற் போதும் என்று காவற்காரர் கூறினார். அவரும் வேலை முடிந்த சில இரவுகளில் எம் பாயில் வந்து அமர்கிறார். கேட்டை மீனை அவருக்கு யாம் காட்டினோம், விடிவெள்ளி எழும் இடத்தை அவர் எமக்குக் காட்டினார். கணினியிற் கழிக்காத பாலாடை வானத்துப் படத்தையும் அதே அளவிற் சட்டமிட்டு, எடுத்த நாளும் விநாடியும் கீழே எழுதி, நூலகரிடம் கொடுத்திருக்கிறோம். முதற்படத்தின் அருகே அதனை மாட்டலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் முதல் அமாவாசையன்று இரவு ஒன்பது மணிக்கு விடுதி மாடிக் கதவு திறந்திருக்கும். ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் வரலாம். பாய் ஒன்று கொண்டுவருக. கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு வருக.